அவசரப்பட்டு வந்த குழந்தை

நம் தேசத்துப் பாட்டிமார்களுக்குத் தெரியாத வைத்திய சாஸ்திரம் ஒன்றும் கிடையாது. ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை பிழைத்துக்கொள்ளும், எட்டாம் மாதத்தில் பிறந்தது தங்காது என்பது அந்தச் சாஸ்திரத்தில் ஒரு முக்கியமான சூத்திரம். இதை வெறும் பாட்டி கதை என்று தள்ளிவிடுவதற்கும் இல்லை. ஹிப்பாக்ரடீஸின் பெயரால் வழங்கும் கிரேக்க வைத்திய நூல்களில் எட்டாம் மாதச் சிசுவைப் பற்றித் தனியாக ஒரு நூலே இருக்கிறது. நமது சரக சம்ஹிதையும், எட்டாம் மாதத்தில் ஓஜஸ் என்னும் ஜீவ சத்து தாயிடமும் சிசுவிடமும் மாறி மாறிப் போய்க்கொண்டிருப்பதால் அந்த மாதத்துப் பிரசவம் ஆபத்தானது என்று சொல்லுகிறது. இவ்வளவு பெரியவர்கள் கூடிச் சொன்ன விஷயம் தவறாக இருக்க முடியுமா?

தவறுதான். ஆனால் அது தவறு என்று ஒரு பாட்டியிடம் எடுத்துச் சொல்லும் காரியம் எவ்வளவு கடினம் என்பதைச் சில வருஷங்களுக்கு முன்பு நான் நேரில் பார்த்தேன்.

என் ஒன்றுவிட்ட தங்கையின் பெண்ணுக்குத் தலைப் பிரசவம். வளைகாப்புக்கு நாள் பார்த்து, புடவை எடுத்து, கண்ணாடி வளையல்காரருக்கும் சொல்லியாகிவிட்டது. இதற்குள் ஒரு நாள் விடியற்காலையில் அந்தப் பெண்ணுக்கு இடுப்பு வலி கண்டது. சூட்டு வலி என்று சீரகக் கஷாயம் கொடுத்தார்கள். வலி விட்டு விட்டு வந்தது. மத்தியானம் பனிக்குடம் உடைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த சில மணி நேரத்துக்கெல்லாம் ஒன்றரைக் கிலோ எடையில் ஓர் ஆண் குழந்தை பிறந்து, அழலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் இரண்டு தடவை முனகியது. கணக்குப் பார்த்தால் 31 வாரம்.

பாட்டி விரல் விட்டு எண்ணினாள். "ஏழு முடிந்து எட்டு நடக்கிறதே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மாள் சிரித்துக்கொண்டே, "பாட்டி, எட்டாம் மாதத்தில் பிறந்தது ஏழாம் மாதத்தில் பிறந்ததைவிட ஒரு மாதம் பெரியது. அவ்வளவுதான் வித்தியாசம். வயிற்றுக்குள் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்" என்றாள். பாட்டிக்கு இந்த வாதம் ரசிக்கவில்லை.

அந்தப் பெண்ணைப் பார்க்க வந்த உறவினர் கூட்டம் இதற்குள் விசாரணைக் கமிஷன் ஒன்றை நியமித்துவிட்டது. தண்ணீர் வாளி தூக்கினாள் என்றார் ஒருவர். பப்பாளிப் பழம் தின்றாள் என்றார் இன்னொருவர். கிரகணத்தன்று வாசலில் நின்றாள் என்றும், பஸ்ஸில் ஆபீஸுக்குப் போய் வந்தாள் என்றும் மற்றும் இரண்டு சாட்சியங்கள் பதிவாயின. கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டு, மெல்லிய குரலில், "மாமா, நான் என்ன தப்புச் செய்தேன்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு வைத்தியர்களிடம் விசாரித்தும் புஸ்தகங்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. தமிழர்கள் பத்து மாதம் சுமந்து பெற்றாள் என்று சொல்லுவது கவி வாக்கு மட்டுமல்ல, சரியான கணக்கும் ஆகும். 28 நாள் கொண்ட மாதமாகப் பத்து மாதம் என்றால் 280 நாள், அதாவது 40 வாரம். கடைசியாக வீட்டுக்கு விலக்கான முதல் நாளிலிருந்து எண்ணி டாக்டர்களும் இந்த 40 வாரத்தையே சொல்லுகிறார்கள். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் அது குறைமாதக் குழந்தை. 2020-ஆம் வருஷத்தில் உலகம் முழுவதிலும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்திருக்கின்றன. பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று என்று ஆகிறது. இவற்றில் சுமார் 30 லட்சம் நமது இந்தியாவில் பிறந்தவை. வேறு எந்த தேசத்திலும் இவ்வளவு இல்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் மரணத்துக்கு உலகில் முதற் காரணமாக இருப்பது குறைப் பிரசவத்தின் விளைவுகளே.

ஏன் இப்படி நேருகிறது? ஏறக்குறைய பாதிப் பேர் விஷயத்தில் இன்ன காரணம் என்று எந்தப் பெரிய டாக்டராலும் சுட்டிக் காட்ட முடியவில்லை. மற்றப் பாதியில் முக்கியமானது, வெளியே தெரியாமல் உள்ளே வேலை செய்யும் கிருமி. பிறப்பு வழியாக மேலே ஏறும் கிருமிகள் பனிக்குடத்தின் சவ்வை அழற்சி கொள்ளச் செய்கின்றன. அந்த அழற்சி பிரசவ வலியைக் கிளப்பிவிடுகிறது. சில சமயம் தாய்க்கு ஜுரம்கூட இராது. மூத்திரத் தாரையில் கிருமி இருந்து எரிச்சல் ஒன்றும் இல்லாமலே இருப்பதும் உண்டு. மாதா மாதம் சிறுநீர் பரிசோதனை என்று ஆஸ்பத்திரியில் சொல்லுவது காசு பிடுங்குவதற்காக என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ரத்த அழுத்தம் இரண்டாவது பெரிய காரணம். கால் வீங்கி, தலை வலித்து, கண் மங்கும் நிலைமை வந்துவிட்டால் தாயின் உயிரைக் காப்பாற்றவே டாக்டர் குழந்தையை முன்னதாக வெளியே எடுக்க நேருகிறது. இரட்டைக் குழந்தைகளில் பாதிக்கு மேல் குறைமாதத்தில்தான் பிறக்கின்றன. அவற்றுக்கு இடம் போதவில்லை, பாவம். நீரிழிவு, ரத்த சோகை, இருபது வயதுக்கு முன் கர்ப்பம், ஒரு பிரசவம் ஆன சில மாதத்துக்குள் அடுத்தது, முன்பு ஒரு தடவை குறைப் பிரசவம் ஆகியிருப்பது, இவையெல்லாம் அபாயத்தை அதிகமாக்குகின்றன. சிகரெட்டும் அப்படியே. நம் வீடுகளில் கர்ப்பிணி சிகரெட் பிடிப்பது அபூர்வம். ஆனால் ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு அவள் மூக்குக்கு நேரே புகை விடும் கணவனும் மாமனாரும் அபூர்வமல்ல. பொது இடங்களில் புகை பிடிக்கக் கூடாது என்று சட்டம் வந்த தேசங்களில் குறைப் பிரசவங்கள் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருப்பதாக 2014-இல் கணக்கெடுத்துச் சொன்னார்கள்.

ஒரு நாள் வாளி தூக்கியதாலோ, பழுத்த பப்பாளி தின்றதாலோ, கிரகணத்தாலோ குறைப் பிரசவம் ஆகும் என்பதற்கு ருசு ஏதும் இல்லை. இதைவிட ஆச்சரியம் என்னவென்றால், படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று மாதக் கணக்கில் படுக்க வைப்பதாலும் குறைப் பிரசவம் தடைப்படுவதாகப் பரிசோதனைகளில் தெரியவில்லை. படுத்தே கிடப்பதால் காலில் ரத்தம் உறைவது முதலிய வேறு தொல்லைகள்தான் வருகின்றன.

இந்த இடத்தில் பம்பாயைச் சேர்ந்த டாக்டர் விட்டல் நாகேஷ் ஷிரோட்கரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. சில ஸ்திரீகளுக்கு நாலாம் மாதமும் ஐந்தாம் மாதமும் வலியே இல்லாமல் கர்ப்பம் நழுவிப் போகும். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப. ராசியில்லாதவள் என்று பெயர் வாங்கி, கணவனுக்கு இரண்டாம் தாரம் தேடுவதைத் தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்த அபலைகள் இந்நாட்டில் எத்தனை பேரோ! ஷிரோட்கர் கவனித்தது இதுதான்: இவர்களில் பலருக்குக் கர்ப்பப்பையில் கோளாறு இல்லை, அதன் வாய் பாரம் தாங்காமல் மெல்லத் திறந்துவிடுகிறது. சுருக்குப் பையின் கயிறு தளர்ந்தால் காசு கொட்டிப் போவதில்லையா, அதுபோல. கயிற்றை இறுக்கிவிட்டால் என்ன என்று அவர் கேட்டார். நோயாளியின் தொடையிலிருந்தே தசையை மூடியிருக்கும் உறுதியான நார்ப் பட்டையை எடுத்து, கர்ப்பப்பையின் வாயைச் சுற்றித் தைத்தார். பிரசவ காலம் வரை அது தாங்கியது.

அந்த முறையை அவர் 1955-இல் எந்தப் பத்திரிகையில் வெளியிட்டார் தெரியுமா? லண்டனிலும் நியூயார்க்கிலும் அல்ல. நம் சென்னையில் 1904-இல் டாக்டர் யூ. ராமராவ் ஆரம்பித்த 'ஆண்டிசெப்டிக்' என்னும் வைத்தியப் பத்திரிகையில். இரண்டே பக்கக் கட்டுரை. இன்றும் உலகத்தின் எந்த மூலையிலும் பிரசவ டாக்டர்களிடம் போய் 'ஷிரோட்கர் தையல்' என்று சொன்னால் தெரிந்துகொள்ளுவார்கள். 1957-இல் ஆஸ்திரேலியாவில் மக்டானல்ட் என்பவர் இதையே இன்னும் சுலபமான விதமாகச் செய்து காட்டினார்.

ஷிரோட்கர் பிரசவத்தைத் தள்ளிப் போடப் பாடுபட்டார். நம் ஜோசியர்களோ அதை முன்னே இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆயுதப் பிரசவம் எப்படியும் நிச்சயம் என்று தெரிந்துவிட்டால், உடனே ஜாதகக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். ஜோசியர் விரலை மடக்கிப் பார்த்து, "அடுத்த மாதம் வேண்டாம், இந்த வெள்ளிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் பிறந்தால் ஜில்லாக் கலெக்டராவான்" என்கிறார். அந்த வெள்ளிக்கிழமை 36-ஆம் வாரத்தில் இருக்கிறது என்பது ஜோசியருக்குத் தெரியாது. குருவும் சுக்கிரனும் வாரக் கணக்கில் நடப்பதில்லை. வேறு அவசரக் காரணம் இல்லாவிட்டால் 39 வாரம் நிறையும் முன் ஆயுதப் பிரசவத்துக்கு நாள் குறிக்கலாகாது என்பது வைத்திய விதி. 34 வாரக் குழந்தையின் மூளை எடை, நிறைமாதக் குழந்தையின் மூளை எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். கடைசி ஆறு வாரத்தில் மூளைக்கு நடக்கும் திருப்பணி அவ்வளவு பெரியது. கலெக்டர் உத்தியோகத்துக்கு மூளையும் கொஞ்சம் வேண்டும் அல்லவா?

மூளை என்றதும் நாம் விஷயத்தின் கடினமான பாகத்துக்கு வந்துவிட்டோம்.

1861-இல் லண்டனில் வில்லியம் ஜான் லிட்டில் என்ற ரண வைத்தியர் பிரசவ வைத்தியர்களின் சங்கத்தில் ஓர் உபந்நியாசம் செய்தார். அவரே ஒரு கால் முடம். சிறு வயதில் வந்த நோயால் பாதம் வளைந்துபோய், பிற்பாடு ஜெர்மனிக்குப் போய் அறுவை செய்துகொண்டு நேரானவர். கால்கள் விறைத்து, கத்தரிக்கோல் போல் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொண்டு நடக்க முடியாத குழந்தைகள் அநேகரை அவர் பார்த்திருந்தார். குறைமாதத்தில் பிறந்ததும், பிரசவத்தில் கஷ்டப்பட்டதும், பிறந்தவுடன் மூச்சு வராமல் திணறியதும் இதற்குக் காரணம் என்றார் அவர். அது 'லிட்டிலின் வியாதி' என்றே பெயர் பெற்றது.

முப்பத்தாறு வருஷம் கழித்து வியன்னாவில் ஒரு நரம்பு வைத்தியர் இதை மறுத்தார். மனோ தத்துவத்தில் பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற ஸிக்மண்ட் பிராய்டுதான் அவர். கனவுகளை ஆராயப் புகுந்து பெயரெடுப்பதற்கு முன் அவர் குழந்தைகளின் பக்கவாதத்தைப் பற்றி 1897-இல் பெரிய நூல் எழுதினார். பிரசவம் கஷ்டமானதால் மூளை கெட்டது என்கிறீர்களே. கர்ப்பத்திலேயே எதுவோ கெட்டுப் போனதால் பிரசவம் கஷ்டமாகியிருக்கக் கூடாதா என்பது அவர் கேள்வி. ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுமார் தொண்ணூறு வருஷம் சென்றபின், 1986-இல், அமெரிக்காவில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட பிரசவங்களைக் கர்ப்ப காலத்திலிருந்தே தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியை வைத்துக்கொண்டு கரின் நெல்ஸன் என்ற டாக்டரும் அவருடைய சகாவும், பெருமூளை வாதம் கண்ட குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குப் பிரசவ நேரத்து மூச்சுத் திணறலைக் காரணமாகச் சொல்ல முடியாது என்று காட்டினார்கள். லிட்டில் சொன்ன மூன்றில் குறைமாதம் என்ற ஒன்று மட்டும் அசையாமல் நின்றது.

குறைமாதக் குழந்தையின் மூளை எவ்வாறு சேதமடைகிறது? மூளையின் நடுவே நீர் நிரம்பிய இரண்டு அறைகள் உண்டு. அவற்றின் ஓரத்தில் மூளை அணுக்கள் பிறந்து வளரும் நாற்றங்கால் ஒன்று இருக்கிறது. நாற்று முழுவதையும் பிடுங்கி நட்டு முடிந்ததும் நாற்றங்கால் காலியாவதுபோல, நிறைமாதம் நெருங்கும்போது இதுவும் மறைந்துவிடும். அதற்கு முன் குழந்தை பிறந்துவிட்டால் நாற்றங்கால் அப்படியே இருக்கிறது. அதில் பாயும் ரத்தக் குழாய்களோ காகிதத்திலும் மெல்லியவை. நம்முடைய மூளைக்கு, உடம்பில் ரத்த அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் தனக்கு வரும் ரத்தத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் சக்தி இருக்கிறது. மடைக்கு ஷட்டர் போட்ட மாதிரி. குறைமாதக் குழந்தைக்கு அந்த ஷட்டர் இன்னும் பொருத்தப்படவில்லை. மூச்சு முட்டினாலும், அழுத்தம் திடீரென்று ஏறினாலும் குழாய் வெடித்து ரத்தம் கசிகிறது. பெரும்பாலும் முதல் மூன்று நாளைக்குள் இது நடந்துவிடும். ஆகையால்தான் உச்சிக்குழியின் வழியாக ஒலி அலைகளைச் செலுத்தி அந்நாட்களில் மூளையைப் படமெடுத்துப் பார்க்கிறார்கள். சிறு கசிவாயின் பெரும்பாலும் தானே உலர்ந்துவிடும். அறை நிரம்பி மூளைக்குள்ளேயும் பரவினால்தான் கவலை.

இரண்டாவது வகைச் சேதம் சத்தமில்லாதது. மூளையின் உட்புறத்தில் நரம்புகளுக்கு உறை போடும் அணுக்கள் அப்பொழுதுதான் வளர்ந்துகொண்டிருக்கும். ரத்தம் போதாவிட்டாலும், தாயின் பனிக்குடத்தில் கிருமி அழற்சி இருந்தாலும் முதலில் மடிவது அவைதான். மூளையிலிருந்து கால்களுக்குப் போகும் நரம்பு நார்கள் அந்த நீர் அறைகளை ஒட்டியே இறங்குகின்றன. கைக்குப் போகிறவை சற்று விலகிப் போகின்றன. லிட்டில் பார்த்த குழந்தைகளுக்குக் கைகளைவிடக் கால்கள் அதிகம் விறைத்திருந்ததன் ரகசியம் இதுதான். குறைப் பிரசவத்துக்குக் காரணமான கிருமியே மூளைச் சேதத்துக்கும் காரணமாவதைப் பார்க்கையில், பிராய்டு கேட்ட கேள்வி எவ்வளவு கூர்மையானது என்று தெரிகிறது.

நோய்க்கு இவ்வளவு இடம் கொடுத்தோம். பரிகாரத்துக்கு வருவோம்.

1963 ஆகஸ்டு 7-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு பிள்ளை பிறந்தது. பாட்ரிக் என்று பெயரிட்டார்கள். ஐந்தரை வாரம் முன்கூட்டியே பிறந்த அக்குழந்தையின் எடை இரண்டு கிலோவுக்கு மேல், அவ்வளவு சிறியதல்ல. ஆனால் 39 மணி நேரம் மூச்சுக்குப் போராடி இறந்துபோயிற்று. உலகத்திலேயே சக்தி வாய்ந்த மனிதர் தம் குழந்தைக்கு மூச்சு வாங்கித் தர முடியாமல் நின்றார். நுரையீரலின் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சோப்பு நீர் போன்ற ஒரு வழவழப்புப் பொருள் வேண்டும் என்றும், அது குறைமாதக் குழந்தைக்கு ஊறுவதில்லை என்றும் மேரி எல்லன் ஏவரி என்ற பெண் டாக்டர் 1959-லேயே கண்டுபிடித்திருந்தார். கண்டுபிடித்தாரே தவிர, அதை எங்கிருந்து கொண்டுவருவது?

விடை வந்தது நியூஸிலாந்தின் ஆட்டு மந்தையிலிருந்து. ஆக்லாந்து நகரில் கிரஹாம் லிக்கின்ஸ் என்ற டாக்டர், பிரசவ வலியை ஆரம்பித்து வைப்பது தாயா, குட்டியா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். வயிற்றிலுள்ள ஆட்டுக்குட்டிக்கு ஒரு வகை ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்தினால் ஆடு முன்கூட்டியே ஈன்றுவிடும் என்று கண்டார். அப்படி ஈன்ற குட்டிகள், நுரையீரல் முதிராததால், இறந்தே ஆக வேண்டும். ஆனால் அவற்றில் சில மூச்சு விட்டுக்கொண்டிருந்தன! அறுத்துப் பார்த்தால் நுரையீரலில் காற்றுப் புகுந்திருந்தது. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. லிக்கின்ஸும் ராஸ் ஹவீ என்ற குழந்தை வைத்தியரும் 282 தாய்மார்களைக் கொண்டு பரிசோதித்து 1972-இல் முடிவை வெளியிட்டார்கள். பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஊசி போட்டபோது, மூச்சுத் திணறல் நோய் 100-க்கு 26 குழந்தைகளிலிருந்து 9-ஆகக் குறைந்தது. முதல் வாரத்து மரணம் 15-லிருந்து 3-ஆகக் குறைந்தது. மூளையில் ரத்தக் கசிவையும் அது கணிசமாகக் குறைக்கிறது என்று பிற்பாடு தெரிந்தது.

மறு நாளே உலகமெங்கும் இந்த ஊசியைப் போட்டார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. மேலும் மேலும் பரிசோதனை வேண்டும் என்றார்கள். சிலர் பயந்தார்கள், பலர் கவனிக்கவேயில்லை. 1994-இல் அமெரிக்க அரசாங்கம் பெரிய டாக்டர்களைக் கூட்டி வைத்துச் சிபாரிசு செய்ய வேண்டியிருந்தது. அதுவரை, அங்கே அந்த ஊசி வேண்டியிருந்த தாய்மார்களில் ஐந்தில் ஒருவருக்குக்கூட அது கிடைக்கவில்லை. விலை உயர்ந்த மருந்துமல்ல. இருபத்திரண்டு வருஷம்! அந்த வெட்கத்தை மறவாமல் இருப்பதற்கென்றே, வைத்திய ஆராய்ச்சிகளைத் தொகுத்து எடை போடும் காக்ரேன் ஸ்தாபனம், இந்த ஊசியைப் பற்றிய பரிசோதனைகளின் வரைபடத்தைத் தன் முத்திரையாக வைத்துக்கொண்டிருக்கிறது போலும்.

இதில் நம் வீட்டுக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஊசி வேலை செய்ய ஒரு நாளாவது அவகாசம் வேண்டும். ஆகையால் விட்டு விட்டு வரும் இடுப்பு வலி, வயிறு கல் மாதிரி இறுகி இறுகித் தளர்வது, நீர்க் கசிவு, ரத்தம் காண்பது, குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் ஒன்று நேர்ந்தாலும் கஷாயம் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. குறைமாதக் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு, பிரசவத்துக்கு முன்பே, தாயைக் கொண்டு போய்விட வேண்டும். பிறந்த பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட அது எவ்வளவோ மேல். தாயின் வயிற்றைவிடப் பத்திரமான வண்டி இன்னும் செய்யப்படவில்லை.

இன்னொரு மருந்து, நம் தாத்தாக்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்த பேதி உப்பு. மெக்னீசியம் ஸல்பேட் என்பது அதன் சாஸ்திரப் பெயர். ரத்த அழுத்தத்தால் வரும் வலிப்புக்காக அதை ஊசி மூலம் பெற்ற தாய்மார்களின் குறைமாதக் குழந்தைகளுக்குப் பெருமூளை வாதம் குறைவாக இருப்பதை, முன் சொன்ன கரின் நெல்ஸன் 1995-இல் கவனித்தார். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த பெரிய பரிசோதனைகள் இதை உறுதிப்படுத்தின. மிகக் குறைந்த மாதத்தில் பிரசவம் நெருங்கும்போது அதை நரம்பில் ஏற்றினால் பெருமூளை வாதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. (யாரும் கர்ப்பிணிக்குப் பேதி உப்பைக் கரைத்துக் கொடுத்துவிட வேண்டாம்!)

அப்புறம் காப்பி. மூச்சு விட மறந்து போகும் குறைமாதக் குழந்தைகளுக்குக் காப்பியிலுள்ள காபீன் என்னும் சத்தை மருந்தாகக் கொடுக்கிறார்கள். 2007-இல் வெளியான ஆராய்ச்சியில், காபீன் பெற்ற குழந்தைகளில் 100-க்கு 4.4 பேருக்குத்தான் பெருமூளை வாதம் கண்டது, பெறாதவர்களில் 7.3. காப்பியை விஷம் என்று பிரசாரம் செய்த பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்.

தொப்புள் கொடியை அவசரமாக வெட்டாமல் ஒரு நிமிஷமாவது பொறுத்தால் நஞ்சில் உள்ள ரத்தம் குழந்தைக்கு வந்து சேருகிறது. குறைமாதக் குழந்தைகளின் மரணம் இதனால் குறைகிறது. இதைப் பரிணாம சாஸ்திரி டார்வினின் பாட்டனார் எராஸ்மஸ் டார்வின் 1801-லேயே எழுதி வைத்தார். நம் கிராமத்து மருத்துவச்சிகள் பலர் நஞ்சு விழும் வரையில் கொடியைத் தொடமாட்டார்கள். அறுக்க எடுத்த கத்தி அழுக்காக இருந்தது வேறு விஷயம், பொறுத்திருந்தது சரிதான்.

கொலம்பியா தேசத்தின் போகோடா நகரில் 1970-களின் இறுதியில் எட்கார் ரே என்ற டாக்டர், சூட்டுப் பெட்டிகள் போதாத பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், பெட்டிக்குப் பதில் தாயின் மார்பையே பயன்படுத்தலாம் என்று தீர்மானித்தார். கங்காரு தன் குட்டியை வைத்துக்கொள்ளுவதுபோல் குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படக் கட்டிவிட்டார். வேறு வழியில்லாத ஏழைகளுக்கான ஏற்பாடு என்றுதான் வெகு காலம் எல்லோரும் நினைத்தார்கள். 2021-இல் இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்து நடத்திய பரிசோதனையில், பிறந்த உடனேயே இப்படிக் கட்டிவிட்ட சிறு குழந்தைகளில் 100-க்கு 12 பேரும், வழக்கப்படி முதலில் தனியாக வைத்திருந்தவர்களில் 15.7 பேரும் முதல் மாதத்தில் இறந்தார்கள். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் பரிசோதனையை முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் மேல்நாட்டில் பலித்ததெல்லாம் இங்கே பலிக்கும் என்று நினைப்பதற்கில்லை. நிறைமாதத்தில் பிறந்தும் மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளை மூன்று நாள் குளிர்ச்சியாக வைத்திருப்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நல்ல சிகிச்சை என்று நிலைபெற்றுவிட்டது. அதை இந்தியா, இலங்கை, வங்காள தேசம் ஆகிய மூன்று நாடுகளிலுள்ள ஏழு ஆஸ்பத்திரிகளில் 408 குழந்தைகளுக்குச் சோதித்துப் பார்த்தார்கள். சென்னையும் அந்த இடங்களில் ஒன்று. 2021-இல் முடிவு வெளிவந்தது. குளிர்வித்த குழந்தைகளில் 100-க்கு 42 பேர் இறந்தார்கள். குளிர்விக்காதவர்களில் 31 பேர். நம் நாட்டுக் குழந்தைகள் பலருக்கு மூளைச் சேதம் பிரசவ நேரத்தில் திடீரென்று நேர்வதல்ல, அதற்கு முன்பே கர்ப்பத்தில் மெல்ல ஆரம்பித்துவிடுகிறது போலும் என்று ஆராய்ச்சியாளர்கள் ஊகிக்கிறார்கள். வியன்னாவில் கேட்ட கேள்வி சுற்றிக்கொண்டு எழும்பூருக்கு வந்து சேர்ந்ததுபோல் இருக்கிறது.

நம் கதாநாயகனை மறந்துவிட்டோமே! மூன்றாம் நாள் படத்தில் மூளையின் இடது புறம் சிறு கசிவு தெரிந்தது. ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தான்; அதில் நாலு வாரம் அம்மாவின் மார்பில். ஒரு வயதில் வலது குதிகால் தரையில் பதியவில்லை என்று கண்டு, உடனே பயிற்சி ஆரம்பித்தார்கள். காரணம் இன்னதென்று டாக்டரம்மாளால் கடைசி வரையில் சொல்ல முடியவில்லை. "உன் மேல் தப்பு இல்லை என்று மட்டும் என்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியும்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாளாம். உண்மையிலேயே எழுதி வாங்கியிருந்தால் விசாரணைக் கமிஷன் அங்கத்தினர்களுக்கு ஆளுக்கு ஒரு நகல் அனுப்பியிருக்கலாம்.

இப்பொழுது அவனுக்கு நாலு வயது. வலது காலில் விசேஷமாகச் செய்த பூட்ஸ் போட்டுக்கொண்டு, சற்றுச் சாய்ந்து சாய்ந்து, வீடு பூராவும் ஓடுகிறான். போன மாதம் போயிருந்தபோது பாட்டியிடம், "என்ன பாட்டி, எட்டாம் மாதத்துக் குழந்தை என்ன ஓட்டம் ஓடுகிறான் பார்த்தீர்களா?" என்று கேட்டேன்.

"எட்டா? யார் சொன்னது?" என்றாள் பாட்டி. "நான் அன்றைக்குப் பதற்றத்தில் தப்பாக எண்ணிவிட்டேன். அவன் ஏழாம் மாதம்!"